சிகாகோவில் இரண்டு நாள்: ஏறிப் பார்ப்பதா, மிதந்து பார்ப்பதா?

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதப்படாத கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து பெற்றோர் வந்தாலும் சரி, மாமனார் மாமியார் வந்தாலும் சரி, ஒரு சனி ஞாயிறில் சிகாகோவைக் காட்டியாக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரம். பத்து ஆண்டுகளில் ஏழெட்டு முறை இந்தக் கடமையை நிறைவேற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஓட்டமாய் ஓடினேன். இரண்டாவது முறை, ஞாயிறு மாலை ஓர் அருங்காட்சியகப் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த என் மாமியார், "இன்னும் எத்தனை இடம் பாக்கி இருக்கிறது?" என்று கேட்டார். பரீட்சை எழுதுபவர் மிச்சமிருக்கும் கேள்விகளை எண்ணுகிற குரல் அது. அன்றிலிருந்துதான் எதை விடலாம் என்று கணக்குப் போடத் தொடங்கினேன்.

இரண்டு பகல், ஓர் இரவு. இதற்குள் காசு கொடுத்துப் பார்க்கும் இடங்கள் மூன்று. இலவசமாகப் பார்ப்பவை மூன்று. அதற்கு மேல் திணித்தால் எதுவும் மனதில் தங்குவதில்லை. அந்த மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். என் சார்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் படகுக் கட்சி.

இரண்டு கோபுரங்கள்

சிகாகோவில் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க இரண்டு கட்டடங்கள் உள்ளன. ஒன்று வில்லிஸ் டவர். மற்றொன்று ஹான்காக் சென்டர் (2018இல் அந்தப் பெயரை நீக்கிவிட்டாலும் ஊரார் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்). அறுபதைக் கடந்த நம்மவர்களிடம் "வில்லிஸ்" என்று சொன்னால் புரியாது. "சியர்ஸ் டவர்" என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். 1970களிலிருந்து 1998இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் முந்தும்வரை, உலகின் மிக உயரமான கட்டடம் எது என்ற பொது அறிவுக் கேள்விக்கு அதுவே விடை. வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படித்த ஒரு தலைமுறை அந்தப் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கிறது. 2009இல் பெயர் மாறியதை அந்தத் தலைமுறை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. சிகாகோக்காரர்களிலும் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை.

வில்லிஸ் டவருக்கு 110 மாடி, 442 மீட்டர். பார்வைத் தளம் 103ஆவது மாடியில். வானம் தெளிவாக இருந்தால் இலினாய், இண்டியானா, மிச்சிகன், விஸ்கான்சின் என நான்கு மாநிலங்கள் தெரியும் என்பார்கள். ஆனால் மக்கள் வரிசையில் நிற்பது மாநிலங்களைப் பார்க்க அல்ல. 2009இல் கட்டடத்தின் சுவரிலிருந்து நான்கு அடிக்குச் சற்று மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை அமைத்தார்கள். தரையும் கண்ணாடி. காலுக்குக் கீழே 400 மீட்டருக்கு வெறும் காற்று. 2014இல் சிலர் நின்றுகொண்டிருந்தபோது தரையில் விரிசல் ஓடியது. உடைந்தது மேலே பூசிய காப்புப் படலம் மட்டும்தான், தாங்கும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கதையை வரிசையில் நிற்கும்போது வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிட்டு அனுபவித்தேன்.

ஹான்காக் 1969இல் எழுந்தது. 100 மாடி, 344 மீட்டர். பார்வைத் தளம் 94ஆவது மாடியில். ஏறத்தாழ நூறு மீட்டர் குட்டை. ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஹான்காக்கைத்தான் சொல்வேன். காரணம் எளியது: உயரமான கட்டடத்தின்மேல் நின்றால் அந்த உயரமான கட்டடத்தைப் பார்க்க முடியாது. வில்லிஸ் நகர மையத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கிறது. ஏரி தள்ளித் தெரியும், கீழே கூரைகள் சதுரம் சதுரமாகத் தெரியும். ஹான்காக் வடக்கே, ஏரியை ஒட்டி நிற்கிறது. தெற்கே பார்த்தால் வில்லிஸ் உட்பட நகரத்தின் முழு வரிசையும் எதிரே நிற்கும். வடக்கே பார்த்தால் மிச்சிகன் ஏரியின் கரை வில்லாக வளைந்து போகும், அதை ஒட்டியே சாலையும். எதிர்க்கரை தெரியாத அந்த நீரைப் பார்த்துவிட்டு, இது கடல் இல்லை, உப்பும் கிடையாது என்றால் ஊரிலிருந்து வந்தவர்கள் நம்ப மாட்டார்கள். வரிசையும் அங்கே பெரும்பாலும் குறைவு.

இரண்டுக்கும் டிக்கெட் நபருக்கு முப்பது டாலருக்குக் குறையாது. நாளையும் நேரத்தையும் பொறுத்து ஏறும். சூரிய அஸ்தமன நேரத்துக்குக் கூடுதல். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நல்ல இரவு உணவின் செலவு. இரண்டிலும் ஏறுவது வீண்.

இன்னொன்று. கோபுர டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள். ஒருமுறை இரண்டு வாரம் முன்பே அஸ்தமன நேரத்துக்கு வாங்கி வைத்திருந்தேன். எந்தக் கோபுரம் என்பது முக்கியமில்லை. அன்று ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து நகரத்தின் கழுத்துவரை மூடிக்கொண்டது. மேலே போனால் நான்கு பக்கமும் வெள்ளைத் துணி கட்டியதுபோல இருந்தது. பணம் திரும்ப வராது. அரை மணி நேரம் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்கினோம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது உச்சி தெரியவில்லையென்றால், உச்சியிலிருந்து நீங்களும் தெரியமாட்டீர்கள், அவ்வளவுதான் சோதனை.

ஒரு சங்கதியை மட்டும் ஏறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டு கோபுரங்களுக்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரே: டாக்காவில் 1929இல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். அவருக்கு முன் இவ்வளவு உயரத்துக்குப் போக உள்ளே தூண்களை அடர்த்தியாக நிறுத்த வேண்டியிருந்தது, இரும்புச் செலவு தாங்காது. கட்டடத்தின் வெளிச்சுவரையே ஒரு குழாயாக்கிக் காற்றின் சுமையை அதன்மேல் ஏற்றலாம் என்றார் கான். ஹான்காக்கின் முகத்தில் பெரிய பெரிய பெருக்கல் குறிகள் தெரிவது அலங்காரம் அல்ல, அவைதான் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வில்லிஸ் இன்னும் ஒரு படி மேல். ஒன்பது சதுரக் குழாய்களைக் கரும்புக்கட்டுபோலச் சேர்த்துக் கட்டியது அது. 50ஆவது மாடியில் இரண்டு நின்றுவிடும், 66இல் இரண்டு, 90இல் மூன்று. கடைசி இரண்டு மட்டும் உச்சிவரை போகும். தெருவில் நின்றே எண்ணிப் பார்க்கலாம். பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் இங்கே வந்து இதைச் செய்தார் என்று தெரிந்தால் பெரியவர்கள் கட்டடத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

படகு

கோபுரத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு இருபது டாலர் சேர்த்தால் ஆற்றுப் படகில் போகலாம். டிக்கெட் சுமார் ஐம்பது டாலர், வார இறுதியில் அதற்கும் மேல். ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். மிச்சிகன் அவென்யூ பாலத்தடியில் ஏறி, ஆற்றின் மூன்று கிளைகளிலும் போய்த் திரும்பும். கட்டடக்கலையைச் சொல்லும் படகுகள் இவை. கையில் ஒலிபெருக்கியோடு ஒருவர் கட்டடம் கட்டடமாகச் சொல்லிக்கொண்டே வருவார். சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் படகில் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஊரின்மேல் உள்ள பாசத்தில் பேசுவார்கள். மற்ற நிறுவனங்களின் படகுகள் கொஞ்சம் மலிவு, நகைச்சுவை கொஞ்சம் அதிகம்.

ஏன் படகு? சிகாகோ என்ற ஊரின் கதை முழுக்க அந்த ஆற்றில் இருக்கிறது. 1871 அக்டோபரில் மூன்று நாள் எரிந்த தீயில் சுமார் 300 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஓலியரி என்ற அம்மாளின் மாடு லாந்தரை உதைத்ததுதான் காரணம் என்று கதை கட்டிவிட்டார்கள். 1997இல் நகர மன்றம் அந்த அம்மாளையும் மாட்டையும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டது, 126 ஆண்டு தாமதமாக. எரிந்த நிலத்தில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததாலும், இரும்புச் சட்டமும் லிஃப்டும் அப்போது கைக்கு வந்துவிட்டதாலும், 1885இல் பத்து மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. வானளாவிய கட்டடங்களின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். 1931இல் இடித்துவிட்டார்கள்.

ஆற்றின் கதை இதைவிடச் சுவையானது. ஊரின் சாக்கடை ஆற்றில் விழுந்தது, ஆறு ஏரியில் விழுந்தது, ஊர் ஏரியிலிருந்து குடிநீர் எடுத்தது. என்ன செய்தார்கள்? ஆற்றையே திருப்பிவிட்டார்கள். 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் மதகைத் திறந்தார்கள். அன்றிலிருந்து ஆறு ஏரிக்குப் போகாமல், ஏரியிலிருந்து எதிர்த்திசையில் மிசிசிப்பி பக்கமாக ஓடுகிறது. கீழே இருந்த மிசௌரி மாநிலம், "உங்கள் சாக்கடை எங்களுக்கா?" என்று உச்ச நீதிமன்றம் போனது. 1906இல் தோற்றது. அணைத் தகராறுகளைச் செய்தித்தாளில் படித்தே வளர்ந்த நமக்கு இந்த வழக்கு உடனே புரிந்துவிடும். படகில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓட்டம் மந்தம், கண்ணுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததும் அவருக்கு ஒரு திருப்திதான்.

படகிலிருந்து பார்க்கும்போது கட்டடங்கள் முழு உருவத்தோடு நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் கூரை, தெருவிலிருந்து பார்த்தால் வாசல், ஆற்றிலிருந்து பார்த்தால்தான் ஆள். இரட்டை மக்காச்சோளக் கதிர்போல நிற்கும் மெரினா சிட்டியின் கீழ் 19 தளங்களும் கார் நிறுத்தம். கார்களின் பின்புறங்கள் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஆறு பிரியும் இடத்துக்கு அருகே ஒரு கட்டடம் தலைகீழாக நட்ட உளிபோல, அடி சிறுத்து மேலே அகன்று நிற்கும். கீழே ரயில் பாதை, முன்னே ஆறு, இடமில்லை, அதனால் அப்படி. 1930இல் கட்டிய மெர்ச்சண்டைஸ் மார்ட் அன்று பரப்பளவில் உலகிலேயே பெரிய கட்டடம்.

படகுக்கும் குறைகள் உண்டு. விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் வேகமாக. புரியாத பேச்சை ஒன்றரை மணி நேரம் கேட்பது வயதானவர்களுக்குத் தூக்கத்தை வரவழைக்கும். நான் கண்ட வழி, தீ, ஆறு, கான் என்ற மூன்று கதைகளையும் காரில் வரும்போதே தமிழில் சொல்லிவிடுவது. பிறகு அவர்கள் ஒலிபெருக்கியைக் கேட்பதில்லை, தாங்களாகவே அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது குறை, தெருவிலிருந்து படகுத்துறைக்கு இரண்டு மாடி அளவு படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் படியில்லாத வழியை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். மூன்றாவது, மேல் தளத்தில் நிழல் கிடையாது. ஜூலை மத்தியான வெயில் சிகாகோவிலும் வெயில்தான். மாலை நான்கு, ஐந்து மணிப் படகு நல்லது. சூரியன் சாய்ந்து கண்ணாடிச் சுவர்களில் பட்டு, ஆற்றின் நிழல் பக்கத்திலும் வெளிச்சம் விழும்.

ஏரிக்கும் சேர்த்துப் போகும் படகுகளும் உண்டு. குழந்தைகள் இருந்தால் அவற்றை யோசிக்கலாம். ஆற்றைத் திருப்பிய காரணத்தால் ஏரியின் மட்டமும் ஆற்றின் மட்டமும் வேறு வேறு. நடுவே ஒரு மதகு. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும், தண்ணீர் ஏறும், முன்கதவு திறக்கும். பாடப்புத்தகத்தில் பனாமா கால்வாய்க்குப் படம் போட்டுக் காட்டுவதை நேரில் பார்க்கிறார்கள். ஆனால் ஏரிக்குப் போய்விட்டால் ஆற்றுக் கட்டடங்களுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும்.

காசே வேண்டாம் என்பவர்களுக்கு

உயரத்தில் ஓடும் ரயிலை இங்கே "எல்" என்பார்கள். நகர மையத்தைச் சுற்றி அது போடும் வளையம் 1897இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வாஷிங்டன்–வாபாஷ் நிலையத்தில் பிரவுன் லைனில் ஏறுங்கள். புதிய நிலையம், லிஃப்ட் உண்டு. வளையத்தில் உள்ள பழைய நிலையங்கள் சிலவற்றில் படிகள்தான் கதி. ரயில் கட்டடங்களின் இரண்டாவது மாடி ஜன்னல்களை உரசிக்கொண்டு போய், இரண்டடுக்குப் பாலத்தில் ஆற்றைக் கடக்கும். வலப்பக்க ஜன்னலில் ஆறு ஏரிவரை நேராகத் தெரியும். இடப்பக்கம் கிளைகள் பிரியும். அந்தக் காட்சி கால் நிமிடம். மெர்ச்சண்டைஸ் மார்ட்டில் இறங்கி ஆற்றங்கரையில் நடந்தே திரும்பிவிடலாம். செலவு மூன்று டாலர் அளவுதான். படகு காட்டுவதில் கால் பங்கை இது காட்டிவிடும் என்பது என் கணக்கு.

மில்லேனியம் பூங்காவின் எஃகு அவரைக்காய்ச் சிற்பம் எல்லோரும் அறிந்தது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்தது. 168 எஃகுத் தகடுகள், இணைப்பே தெரியாமல். பத்து மணிக்கு மேல் போனால் அதில் உங்கள் முகத்தைத் தேட வேண்டும், அவ்வளவு கூட்டம். காலையில் பூங்கா திறந்ததும் போங்கள். அங்கிருந்து தெருவைக் கடந்தால் சிகாகோ கலாச்சார மையம். 1897இல் நூலகமாகக் கட்டியது. 38 அடி விட்டமுள்ள டிஃபானி கண்ணாடிக் குவிமாடம் தலைக்குமேல் நிற்கிறது, சுமார் 30,000 கண்ணாடித் துண்டுகளால் ஆனது. அனுமதி இலவசம். பூங்காவில் ஆயிரம் பேர் என்றால் இங்கே பத்துப் பேர். சுத்தமான கழிவறையும் உண்டு, அது சின்ன விஷயம் இல்லை.

எந்த அருங்காட்சியகம்

ஒன்றுதான். இரண்டு நாளில் இரண்டாவது அருங்காட்சியகத்தை நுழைப்பவர்கள் இரண்டையும் பார்ப்பதில்லை.

ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஃபீல்டு அருங்காட்சியகம். 1990இல் தெற்கு டகோட்டாவில் கண்டெடுத்த சூ என்ற டைனோசரின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. 12 மீட்டர் நீளம், 6 கோடியே 70 லட்சம் ஆண்டு வயது. 1997 ஏலத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். பக்கத்தில் உள்ள ஷெட் மீன் காட்சியகம் அழகுதான், ஆனால் விலைக்கும் வரிசைக்கும் அது தகாது என்பது என் எண்ணம். கிரிஃபின் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1944இல் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் முழுதாக இருக்கிறது. எந்திரங்களில் ஆர்வமுள்ள பிள்ளையை அங்கே விட்டால் மாலைவரை வெளியே வராது. அதோடு அது நகர மையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தெற்கே. அதற்கென்று ஒரு முழு நாள் இருந்தால் மட்டும் போங்கள்.

அப்படிப் போனால் அருகிலேயே சிகாகோ பல்கலைக்கழகம். 1937இலிருந்து 1995இல் மறையும்வரை வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் வேலை பார்த்த பல்கலைக்கழகம். 1983இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் அங்கேயே இருந்தார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜனும் 1960களிலிருந்து இங்கே பேராசிரியராக இருந்தவர்தான். குறுந்தொகையின் குறிஞ்சியும் முல்லையும் இந்தச் சாம்பல் நிறக் கல் கட்டடங்களுக்கு நடுவே, பனி கொட்டும் ஊரில் மொழிபெயர்க்கப்பட்டன என்பதை எண்ணிக்கொண்டு அங்கே அரை மணி நேரம் நடப்பது எனக்குப் பிடிக்கும். கூட வந்தவர்களுக்குப் பிடித்ததா என்று கேட்கவில்லை.

பெரியவர்கள் மட்டும் என்றால் சந்தேகமே வேண்டாம், ஆர்ட் இன்ஸ்டிட்யூட். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், 1894இலிருந்து நிற்பவை. 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் உலகச் சமயப் பேரவையில் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அன்று பேரவைக்கென்று அமைத்த தற்காலிக அரங்கம் இப்போது இல்லை. வாசல் தெருவுக்கு அவர் பெயரில் ஒரு பலகை உண்டு. அவருக்குக் கப்பல் செலவுக்குச் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்பதை எங்கள் அம்மா எனக்குச் சொன்னார், நான் அவருக்குச் சொல்லவில்லை. இப்படித்தான் சில சமயம் வழிகாட்டி மாறிவிடுகிறார்.

உள்ளே எல்லோரும் செராவின் புள்ளி ஓவியத்தையும் ஹாப்பரின் இரவுக் கடையையும் தேடி ஓடுவார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால் முதலில் ரயில் பாதைக்கு மேலே பாலம்போல அமைந்த ஆசியக் கலைக்கூடத்துக்குப் போங்கள். அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர் இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்துக் கருங்கல் சிலை, தியானத்தில் அமர்ந்த கோலம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசனின் உதவியோடு சூடாமணி விகாரை எழுந்த ஊர் நாகப்பட்டினம். அங்கே பௌத்தம் இருந்ததற்கு இன்று ஊரில் அடையாளம் குறைவு. தஞ்சை மாவட்டத்துக்காரர் யாராவது கூட வந்தால் அவர்கள் அந்தச் சிலைக்கு முன்னால் நிற்கும் நேரத்தைக் கவனியுங்கள். செவ்வாய், புதன் கிழமைகளில் மூடியிருக்கும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை.

பாஸ் வாங்கலாமா

சிட்டிபாஸ் என்று ஒன்று விற்கிறார்கள். ஐந்து இடங்கள், ஒன்பது நாளுக்குள் பார்க்கலாம், தனித்தனியாக வாங்குவதைவிட ஏறக்குறையப் பாதி விலை. கணக்கில் லாபம்தான். ஆனால் ஐந்தில் ஷெட்டும் வில்லிஸும் கட்டாயம். மிச்சம் மூன்றுதான் நம் விருப்பம். இரண்டு நாள் வருபவர் ஐந்தையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடுவார். பணம் கொடுத்தாகிவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காக மாமியாரை மீன் பார்க்க இழுத்துக்கொண்டு போனவன் நான். நான்கு, ஐந்து நாள் தங்குபவர்கள், பிள்ளைகளோடு வருபவர்கள் வாங்குங்கள். இரண்டு நாள் என்றால் தனி டிக்கெட் போதும், அல்லது மூன்று இடங்களுக்கு மட்டும் உள்ள பாஸ்.

தங்குவதைப் பற்றி ஒரு பத்தி. நகர மையத்து ஓட்டலில் அறை வாடகைக்கு மேல் பதினேழு சதவீதத்துக்கும் கூடுதலான வரி, அதற்கும் மேல் கார் நிறுத்தம் ஒரு நாளைக்கு ஐம்பது டாலர் அளவுக்கு வந்துவிடும். ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மாண்டில் தங்கி, காரை அங்கேயே விட்டுவிட்டு புளூ லைனில் வரலாம். முக்கால் மணி நேரம், இரவு முழுவதும் ஓடும் வண்டி. பணம் மிச்சமாகும். ஆனால் மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழ வேண்டிய பெரியவர்கள் இருந்தால் மையத்தில் தங்குவதே மேல். அந்தத் தூக்கம் இருந்தால்தான் மாலைப் படகு. இளைஞர்களுக்கு ரோஸ்மாண்ட். நகரத்துக்குள் கார் ஓட்டுவது பற்றிச் சொல்வதானால், ஆற்றோரத்தில் வாக்கர் சாலை அடுக்கடுக்காக இருக்கிறது. கீழ் அடுக்குக்குப் போய்விட்டால் கைபேசியின் வரைபடம் திகைத்து நின்றுவிடும். நாமும்தான்.

சாப்பாட்டுக்கு வடக்கே டெவன் அவென்யூ. இட்லி முதல் வெற்றிலைவரை கிடைக்கும். டீப் டிஷ் பீட்சா வேக முக்கால் மணி ஆகும். உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள், பசி வந்தபிறகு சொன்னால் சண்டை வரும்.

இவ்வளவும் மே முதல் அக்டோபர்வரை வருபவர்களுக்கு. டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்தால் என் தீர்ப்பு தலைகீழாகிவிடும். படகுகள் பெரும்பாலும் நின்றுவிடும், ஆற்றங்கரையில் காற்று கன்னத்தை அறுக்கும். ஆனால் குளிர்காலத்துத் தெளிந்த நாளில் காற்றில் ஈரம் இல்லாததால் உச்சியிலிருந்து பார்வை எட்டும் தூரம் கோடையில் கிடைக்காது. ஏரியின் ஓரம் உறைந்து, பனிக்கட்டிகள் அப்பளம்போல உடைந்து மிதக்கும். அப்போது அருங்காட்சியகமும் கோபுரமும்தான் சரி.

கடைசியாக, என் விதியை நானே மீறிய கதை. சென்ற கோடையில் அப்பா வந்தபோது மேலே எழுதிய அத்தனை நியாயங்களையும் அவரிடம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி. நான் 1979இல் சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் சியர்ஸ் டவர் என்று எழுதி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன். அதில் ஏறாமல் ஊருக்குப் போக மாட்டேன்" என்றார். இதற்கு மேல் வாதம் ஏது? முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று ஏறினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கால் வைக்கவில்லை. வடக்குப் பக்க ஜன்னலருகே வெகுநேரம் நின்றிருந்தவர், பெருக்கல் குறி போட்ட ஒரு கறுப்புக் கட்டடத்தைச் சுட்டிக்காட்டி, "நீ ஏறச் சொன்னது அதுதானே? இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறதே" என்றார்.